அறுபத்து நாலு வீட்டுக்கு ஓர் ஆப்செட்

ஒரு நாள் காலை முழுக்க எங்கள் ஊர் என்னை ஏமாற்றுக்காரன் என்று நம்பியது. மத்தியானத்துக்குள், நான் ஏமாற்றுக்காரன் இல்லை, வெறும் அரைகுறைதான் என்பது எல்லார் முன்னாலும் நிரூபணமாகிவிட்டது. அந்த நிரூபணத்தால்தான் எனக்குக் கல்யாணமே ஆனது. இவ்வளவு கேவலப்பட்டுப் பெண் எடுத்த இன்னொருவன் பழவேற்காடு ஏரியைச் சுற்றி எந்தக் குப்பத்திலும் கிடையாது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பொன்னேரிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து, ஏரிக்கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பதையே முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். (எண்பதுகளின் தொடக்கம். அந்த வேலைக்குப் போட்டி குறைவு.) எங்கள் ஏரியைப் பார்த்தவர்களுக்கு என் நிலைமை புரியும். காற்று விழுந்துவிட்ட நாட்களில் தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். தூரத்தில் போகிற படகு எதன்மேல் போகிறதென்றே தெரியாது. அதையே பார்த்துக்கொண்டிருந்தால், நாம் உட்கார்ந்திருக்கிறோமா மிதக்கிறோமா என்பதும் மறந்துபோகும். சிக்கெடுக்கச் சொல்லி நைனா வலையைக் கையில் கொடுத்தால் பாதிக்குச் சிக்கெடுப்பேன். மீதியை அம்மா வந்து முடிப்பாள்.

இந்த லட்சணத்தில் எனக்குக் கனகா மேல் ஆசை. கனகா என் தாய்மாமன் தேசிங்கின் மகள். முறைப்பெண்தான், கேட்டால் தப்பில்லை. ஆனால் மாமா லேசில் மசிகிற ஆள் இல்லை. அம்மா பெண் கேட்கப் போனபோது அவர் சொன்ன பதில் குப்பத்துக்கே கேட்டது.

"உன் புள்ள வலைய எடுத்தா பாதியில உட்டுடறான், படகு தள்ற கோல எடுத்தா பாதியில உட்டுடறான். சோத்த மட்டுந்தான் முழுசா துன்றான். ஒரே ஒரு வேலைய மொதல்ல இருந்து கடைசி வரிக்கும் முழுசா செஞ்சி காட்டச் சொல்லு. அன்னிக்கே பொண்ண தர்றேன், போ."

அன்றிலிருந்து ஒரு வேலையைத் தேடிக்கொண்டிருந்தேன். (உட்கார்ந்தபடியேதான்.) அது தானாக என் மடியில் வந்து விழுந்தது.

எங்கள் ஊரில் இறால் பிடிப்பதற்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம். கடல் தண்ணீர் ஏறி இறங்கும்போது இறால் அந்த வழியாகத்தான் வரும். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை போட முடியாது. அதனால் அறுபத்து நாலு குடும்பமும் முறை வைத்து, நாளுக்கு ஒரு குடும்பமாகப் போக வேண்டும். வருடா வருடம் கங்கையம்மன் முன்னால் பானையில் சீட்டுப் போட்டுப் பூசாரி எடுப்பார். எடுத்த வரிசையில் கணக்குப்பிள்ளை ஊர்த் தலைவர் காதில் மட்டும் பெயரைச் சொல்லி, ஒரு நோட்டில் எழுதுவார். தலைவருக்கும் எழுதுகிறவருக்கும் தவிர யாருக்கும் எந்தப் பெயர் எங்கே வந்தது என்று தெரியாது. முதல் பாட்டுக்கு முந்தைய சாயங்காலம்தான் ஊர் கூடும், நோட்டை வாசிப்பார்கள். முன்னாலேயே தெரிந்தால் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வார்கள் என்று பயம். இன்னொரு வழக்கமும் உண்டு. வரிசையில் ஒன்று, இரண்டு என்று எண் போடவே கூடாது. ஆளை எண்ணினால் ஏரி அளந்து கொடுக்க ஆரம்பித்துவிடுமாம். பெயரின்கீழ் பெயராக எழுதிக்கொண்டே போக வேண்டியதுதான்.

அந்த வருடம் பழைய கணக்குப்பிள்ளைக்குக் கண்ணில் புரை. தலைவர் என்னைக் கூப்பிட்டு நோட்டைக் கொடுத்தார். பூசாரி எடுத்த முதல் சீட்டைப் பிரித்தேன். தேசிங்கு என்று இருந்தது. மாமா வருடக்கணக்காகக் காத்திருந்த முதல் பாடு! முதல் பாட்டில் விழுகிற இறாலுக்கு ஈடே கிடையாது. ஆனால் தலைவரைத் தவிர யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காமலேயே இருந்திருக்கலாம். எல்லாச் சீட்டும் எழுதி முடித்ததும் தலைவரிடம் சொன்னேன்: "வாசிக்கிறதுல தகராறு வருது தலைவரே. காதுல உழலன்றான், தூங்கிட்டேன்றான். இத அச்சடிச்சி வீட்டுக்கு ஒண்ணு குடுத்துட்டா பேச்சே இல்ல. நானே எல்லாத்தையும் பாத்துக்கறேன்."

தலைவருக்குப் படிக்கத் தெரியாது. அதனாலேயே அச்சு என்றால் அவருக்கு ஒரு மரியாதை. சரியென்று தலையாட்டினார்.

எதில் அச்சடிப்பது? இதை முடிவு செய்ய நான் ஊர் ஊராகப் போனேன். இன்று கம்ப்யூட்டரில் எந்த மென்பொருள் நல்லது என்று ஆராய்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வரும்.

முதலில் பழவேற்காடு கடைத்தெருவில் மனு டைப் அடித்துத் தருகிற காதர் பாய். அவரிடம் சைக்ளோஸ்டைல் மெஷின் இருந்தது. மெழுகுத் தாளில் டைப் அடித்து, உருளையைச் சுற்றினால் பிரதி பிரதியாக விழும்.

"எத்தன வீடு?" என்றார்.

"அறுபத்து நாலு, பாய்."

"ஒரு தாளு, ஒரு பக்கம், ரெண்டு பத்தியா அடிச்சிக் குடுத்துடறேன். டீ குடிச்சி முடிக்கறதுக்குள்ள வேல ஆயிடும்."

டீ குடித்து முடிப்பதற்குள் ஆகிற வேலையைக் காட்டி யாராவது பெண் கேட்பார்களா? மை தீற்றுகிறது, எழுத்து பரீட்சைத் தாள் மாதிரி இருக்கிறது என்று மனதுக்குள் குறை சொல்லிக்கொண்டு நழுவினேன்.

அடுத்து பொன்னேரியில் ஓர் அச்சகம். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோக்கிற வகை. எங்கள் ஊர்ப் பெயர்களைப் பார்த்துவிட்டு, கோப்பவர் பெருமூச்சு விட்டார். கல்யாண சீசன், பத்து நாள் ஆகும் என்றார். பத்து நாளில் பாடே ஆரம்பித்துவிடும். அங்கிருந்தும் கிளம்பினேன்.

கடைசியாக மெட்ராஸ். மண்ணடிப் பக்கம் ஒரு சந்தில் ஆப்செட் பிரஸ் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ரயிலேறிப் போய்க் கண்டுபிடித்தேன். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் கரையில் அலை விழுகிற மாதிரி சீராக வந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசம். தாள்கள் ஒரு பக்கம் வெள்ளையாகப் போய் மறுபக்கம் படத்தோடு வருவதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, அங்கிருந்த போர்மேன் வந்து தோளைத் தட்டினார்.

"இன்னாபா வேணும்?"

சொன்னேன். அவர் விளக்கினார். இதில் எழுத்துக் கோக்க வேண்டாம். வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் தயாராகக் கொடுத்தால், அதைப் போட்டோ பிடித்து அப்படியே அடிப்பார்கள்.

"அப்படியேவா? என் கையெழுத்துகூட வருமா?"

"கையெழுத்து, படம், ஈ குந்தின அடையாளம், எது இருந்தாலும் வரும். நாங்க ஒண்ணையும் தொட மாட்டோம். நீ குடுக்கறதுதான் உனக்குத் திரும்பி வரும்."

என் கையெழுத்து அச்சில்! கனகா வீட்டுச் சுவரில் என் கையெழுத்து! அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். குறைந்தது ஐந்நூறு பிரதி அடிக்க வேண்டும் என்றார். வீடு அறுபத்து நாலுதானே என்று ஒரு சின்ன யோசனைகூட எனக்கு வரவில்லை.

நல்ல தாளும் கறுப்பு மையும் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். மறுநாள் மத்தியானம், கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின்மேல் பலகையை வைத்து எழுத உட்கார்ந்தேன். பக்கத்துக்குப் பதினாறு பெயர், நாலு பக்கம். நடுவில் ஒரு மடிப்பு மடித்தால் சின்னப் புத்தகம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பில் 'பாடு வரிசை' என்று கொட்டை எழுத்து. அழகுக்காக ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் இறால் படம். எதிரே மாமா வீட்டு வாசலில் கனகா கருவாடு காயப்போட்டிருந்தாள். அவள் ஒரு தரம் வந்து திருப்பிப் போட்டுவிட்டுப் போவாள், நான் ஒரு பக்கம் எழுதுவேன். பிறகு அவள் வராத நேரத்திலும் வாசலைப் பார்த்தேன். வெயில் சாய்ந்தபோது ஏரி முழுக்க இளம் மஞ்சளாக இருந்தது. நாலு பக்கமும் எப்படியோ முடிந்திருந்தன.

மறுநாள் பிரஸ்ஸில் போர்மேன் கேட்டார்: "பக்கம் பக்கமா குடுத்துட்டுப் போறியா? நாங்களே வரிசை பாத்து ஒட்டிக்கறோம், ரெண்டு நாள் ஆவும். இல்ல நீயே ஒட்டிக் குடு, நாளைக்கே அடிச்சிடலாம்."

"நானே ஒட்டறேன்."

"எத எது பக்கத்துல ஒட்டணும்னு தெரியுமா?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு தெரியாதா சார்?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் ஓர் அட்டையில் இடப்பக்கம் முதல் பக்கத்தையும் வலப்பக்கம் இரண்டாவதையும் ஒட்டினேன். இன்னோர் அட்டையில் மூன்றும் நாலும். தாளின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் மற்றது. எவ்வளவு நேர்த்தி!

நீங்களே ஒரு தாளை எடுத்து இப்படி எழுதி மடித்துப் பாருங்கள். மடித்ததும் மேலே வருவது இரண்டாம் பக்கம். முதல் பக்கம் போய்க் கடைசியில், முதுகுப்புறம் உட்கார்ந்துகொள்ளும். இதை ஒரு தரம், ஒரே ஒரு தரம், மடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பசையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக மேகம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு, கையோடு கொண்டுபோயிருந்த ஊர் நோட்டையும் அந்த ஜன்னலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். (பிறகு அது கிடைக்கவே இல்லை.)

அச்சான கட்டோடு நான் பழவேற்காட்டில் படகேறிய நாள்தான் ஊருக்குக் கொடுக்க வேண்டிய நாள். படகு கிளம்பியதும் ஒவ்வொரு தாளாக மடிக்க ஆரம்பித்தேன். முப்பது மடித்திருப்பேன். பூநாரைக் கூட்டம் ஒன்று ஆழமில்லாத இடத்தில் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தது. படகு பக்கத்தில் போனதும் மொத்தமாக எழுந்து பறந்தது. சாம்பல் வானத்தில் சிவப்பு விரிந்து, மெல்ல அடங்கியது. என் கையும் அடங்கிவிட்டது. கரை தட்டியபோது மீதி எல்லாம் மடிக்காமல்தான் கிடந்தன. சரி, அவரவர் மடித்துக்கொள்ளட்டும் என்று அப்படியே வீடு வீடாகக் கொடுத்தேன். பாதி வீட்டுக்கு மடித்தது, பாதி வீட்டுக்கு மடிக்காதது.

மாமா கைக்குப் போனது மடிக்காத தாள். முதல் பெயராகத் தன் பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "எய்த்து நல்லாத்தான்டா கீது" என்றார். மாமா என்னைப் பாராட்டிய முதல் தடவை! அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

விடிந்தது. மாமா வலையோடு முகத்துவாரத்துக்குப் போனார். அங்கே ஏற்கெனவே கோதண்டம் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கோதண்டத்தின் பெயர் பதினேழாவது. அதாவது இரண்டாம் பக்கத்தில் முதல் பெயர். அவருக்குக் கிடைத்தது மடித்த தாள்.

"இன்னாய்யா, என் பாட்டுல நீ இன்னா பண்ற?"

"உன் பாடா? அச்சுல என் பேரு கீதுய்யா, இந்தா பாரு!"

இரண்டு பேரும் தாளை நீட்டிக் கத்தினார்கள். கத்தி முடிப்பதற்குள் ஏறியிருந்த தண்ணீர் இறங்கிவிட்டது. இரண்டு வலையும் நனையவில்லை. முதல் பாட்டு இறால் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது.

கோயில் எதிரே ஊர் கூடியது. மடித்தவர்கள் ஒரு பக்கம், மடிக்காதவர்கள் ஒரு பக்கம். என்னை நடுவில் நிறுத்தினார்கள்.

"நோட்டு எங்க?" என்றார் தலைவர்.

"மெட்ராஸ்ல, ஜன்னல்ல..."

ஒரு பெரிய முணுமுணுப்பு. தலைவருக்குச் சீட்டு எடுத்த அன்று கேட்ட பெயர்களில் பாதி மறந்து, வரிசையும் குழம்பிப்போயிருந்தது. சீட்டுகளை வழக்கப்படி அன்றே ஏரியில் விட்டாயிற்று. "சரி, நீ எய்தினவன். யாரு பேரு மொதல்ல வந்திச்சி? சொல்லு."

"தேசிங்கு மாமா பேரு."

அவ்வளவுதான், கோதண்டம் எழுந்துவிட்டார். "பாத்தீங்களா! மாமனாம், மொத பாடாம்! பொண்ணுக்கோசரம் வரிசைய மாத்தி, எங்க கண்ணுல மண்ணத் தூவறதுக்கு ரெண்டு தினுசா அடிச்சிக்கினு வந்திருக்கான்!"

ஊரே ஆமாம் என்றது. எனக்கு வலித்தது அது இல்லை. மாமா என்னைப் பார்த்து, சன்னமான குரலில் கேட்டார்: "நெசமாவே என் பேரு வந்திச்சா? இல்ல நீயா எய்தினியா?" அழுகை வந்துவிட்டது. கனகாவும் பெண்கள் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முழுதாக ஒரு வேலை செய்து காட்டப் போய், திருடன் என்ற பெயரோடு நிற்கிறேன்!

தலைவருக்கே பாவமாகிவிட்டது. வழி காட்டிவிட்டார். "பிரஸ்காரன் மாத்தி அடிச்சிட்டானா? அப்டி இருந்தா சொல்லிடு, உட்டுடலாம்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போர்மேன் என்ன, முகத்துவாரத்துக்கு வந்து சாட்சி சொல்லப் போகிறாரா? ஆனால் "நாங்க ஒண்ணையும் தொட மாட்டோம்" என்று அவர் சொன்னது காதிலேயே இருந்தது.

"இல்ல தலைவரே. ஒட்டினது நான்தான். மடிச்சிப் பாக்கல. ஆனா பேர மாத்தல, அம்மன்மேல சத்தியம்."

யாரும் நம்பவில்லை. அப்போது பெண்கள் பக்கமிருந்து கனகா குரல் வந்தது.

"இறாலுக்குக் கால எண்ணிப் பாருங்க."

எல்லாரும் திரும்பினார்கள். அவள் முன்னால் வந்து, தாளை விரித்துத் தலைவர் எதிரே போட்டாள்.

"இந்தப் பக்கத்து இறாலுக்குப் பத்துக் காலு, மீசை, கண்ணு எல்லாம் கீது. எங்கப்பா பேரு இதுலதான் கீது. அடுத்ததுக்கு ஆறு காலு, ஒத்த மீசை. அதுக்கப்புறம் மூணே காலு. இதோ இதுக்குக் காலே கெடையாது. இவரு எந்த வேலைய எடுத்தாலும் போகப் போக இப்டித்தான் ஆவும். ஊருக்கே தெரியும். எதுல கால் ஜாஸ்தியோ அதுதான் மொதப் பக்கம்."

ஊர் குனிந்தது. அறுபத்து நாலு குடும்பமும் இறாலுக்குக் கால் எண்ணியது. பிறந்ததிலிருந்து இறாலைக் கையில் பிடித்தவர்கள், அவர்களை ஏமாற்ற முடியாது. கோதண்டம் ஒவ்வொரு காலாக விரல் வைத்து எண்ணினார், திரும்ப எண்ணினார். கடைசிப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"இது இறாலா? மஞ்சக் கெழங்கு இல்ல?"

முதலில் யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு மடித்தவர்களும் மடிக்காதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். தலைவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கோதண்டமே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்ளோ சோம்பேறி வரிசைய மாத்தி வேற எய்திக்கினு இருப்பானா? தேசிங்கு பாடுதான்யா அது" என்று உட்கார்ந்துவிட்டார். மறுநாளே மாமாவுக்கு முதல் பாடு என்றும், வரிசை அதிலிருந்து ஓடும் என்றும் முடிவானது.

எனக்கும் தண்டனை உண்டு. இனி அச்சை யாரும் பார்க்க வேண்டாம், நாளைக்கு யார் பாடு என்று தினமும் சாயங்காலம் நானே குப்பம் முழுக்க நடந்து கூவ வேண்டும். சுற்று முடிகிறவரை.

மறுநாள் மாமாவுக்கு இறால் கூடை கூடையாக விழுந்தது. அம்மா பயந்துகொண்டே போய்ப் பெண் விஷயத்தை விசாரித்தாள்.

"திருட்டுப் பய இல்லனு தெரிஞ்சிடுச்சி," என்றார் மாமா. "தப்பிக்க வழி சொல்லிக் குடுத்தாகூட பொய் சொல்லத் தெரியல. சோம்பேறினு முன்னாடியே தெரியும். புச்சா ஒண்ணும் கெட்டுப் போவல. ஆனா சொன்ன சொல்லு சொன்னதுதான். ஒரு வேலைய முழுசா செஞ்சி காட்டட்டும்."

நான் கூவினேன். மழையில் கூவினேன், வாடைக்காற்றில் தொண்டை கட்டிக்கொண்டு கூவினேன். ஒரு நாள் காய்ச்சலில் போர்வையோடு போய்க் கூவினேன். சாயங்கால ஏரி என்னென்னவோ நிறம் காட்டிக் கூப்பிட்டது. நின்று பார்த்துவிட்டு, மறுபடி நடந்தேன். மாமா வீட்டு வாசலைக் கடக்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் ஏறும். அறுபத்து நாலு சாயங்காலம், ஒன்றுகூட விடவில்லை. கடைசிப் பெயரைக் கூவிவிட்டு நின்றபோது மாமா வாசலுக்கு வந்தார்.

"முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சி மாமா."

"உள்ள வா. சாப்டு போ."

கல்யாணப் பத்திரிகை விஷயத்தில் மட்டும் அவர் என்னைப் பக்கத்தில் விடவில்லை. தானே படகேறிக் காதர் பாயிடம் போனார். "ஒரு தாளு, ஒரு பக்கம், மடிப்புக் கூடாது, படம் கூடாது" என்று சொல்லி, அடிக்கிறவரை அங்கேயே நின்று வாங்கிக்கொண்டு வந்தார். மீந்துபோன நானூற்றுச் சொச்சம் பாடு வரிசையில் என் மாமியார் நாலைந்து வருடம் கருவாடு கட்டிக் கொடுத்தார். ஆரம்பாக்கம் சந்தை வரைக்கும் என் கையெழுத்து போயிருக்கிறது.

முதல் ராத்திரி கனகாவிடம் கேட்டேன்: "அந்தக் கூட்டத்துல அது எப்டி உனக்குத் தோணிச்சி?"

"நீ வரைஞ்சப்ப நான் பாத்துக்கினுதான இருந்தேன்," என்றாள். "மொத இறால் வரையறப்ப நீ தாளப் பாத்துக்கினு இருந்த. நாலாவது வரையறப்ப என்னியே பாத்துக்கினு இருந்த."

இவ்வளவு வருடம் ஆகியும் எங்கள் வீட்டில் அரைகுறை வேலைக்கு 'நாலாவது இறால்' என்றுதான் பெயர். நான் சுண்ணாம்பு அடித்தால் கனகா நேராக நாலாவது சுவரைப் பார்க்கப் போவாள். என் மகள் மெட்ராஸில் புத்தகங்களை அச்சுக்குத் தயார்செய்கிற வேலையில் இருக்கிறாள். எல்லாம் கம்ப்யூட்டர்தான், பி.டி.எஃப்.தான். பக்கங்களை அதுவே வரிசைப்படுத்திவிடுமாம். போன மாதம் ஒரு புத்தகத்தை எனக்கு போனில் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள்.

"அப்பா, நாளைக்கு அச்சுக்குப் போவுது. கடைசிப் பக்கத்த மட்டும் ஒரு தடவ பாத்துடேன். எனக்கும் உன் ரத்தம்தான ஓடுது."

பார்த்தேன். கால் எல்லாம் இருந்தது.